ஹால்வரின் பூட்ஸ் மண்

சுரங்கக் கேன்டீனில் உருளைக்கிழங்கு உரிக்கத்தான் போர்கில்ட் எங்கள் ஊருக்கு வந்தாள். ஒரு குளிர்காலம் இருந்து நாலு காசு சேர்த்துக்கொண்டு தெற்கே போய்விடுவதாக ஏற்பாடு. நார்வேக்கு வடக்கே, பனிக்கடல் தீவில் இருக்கிற எங்கள் லாங்யர்பியனுக்கு வருகிற எல்லோரும் அப்படிச் சொல்லிக்கொண்டுதான் வருகிறார்கள். அப்புறம் யாராவது ஒரு தடியன் கண்ணில் பட்டுத் தொலைப்பான். அவள் கண்ணில் பட்டவன் ஹால்வர், சுரங்கத்தில் வண்டி ஓட்டியவன். நிலக்கரித் தூசிக்குப் பயந்த காலத்திலிருந்து எங்கள் ஊரில் எந்த வாசலிலும் பூட்ஸைக் கழற்றாமல் உள்ளே போகக்கூடாது. இவன் சாப்பாட்டுத் தட்டு வரைக்கும் பூட்ஸோடு வந்து நின்றான்.

"வெளிய போய்க் கழட்டிட்டு வாய்யா! தரையை உங்கம்மாவா வந்து துடைக்கிறா?" என்று போர்கில்ட் கத்தினாள்.

அடுத்த வருஷம் அவனையே கட்டிக்கொண்டாள். அதற்கப்புறம் அந்தச் சத்தம் வீட்டுக்குள் நடந்தது, அவ்வளவுதான். பிள்ளைகள் இல்லை. அதனால் சத்தம் போட அவளுக்கு அவன் ஒருத்தன்தான்.

சுரங்கத்தை மூடினார்கள். ஹால்வர் துப்பாக்கியைத் தோளில் மாட்டிக்கொண்டு, ஆராய்ச்சிக்காரர்களைப் பனிக்கரடி அடித்துவிடாமல் காவல் காக்கிற வேலைக்குப் போனான். போர்கில்டுக்கு ஆய்வுக்கூடத்தில் இடம் கிடைத்தது. ஈர மண்ணைச் சலித்துக் கண்ணாடித் தட்டில் விட்டு, நுண்ணோக்கியில் பார்த்து, அதில் இருக்கிற நீர்க்கரடிகளை ஒவ்வொன்றாக எடுத்துக் குப்பியில் போடுவது அவள் வேலை. பேர்தான் கரடி, தூள் உப்பில் ஒரு பரல் அளவுதான் இருக்கும். அதற்குள் எட்டுக் கால், காலுக்குக் கால் நகம்! இதை இடுக்கியால் பிடிக்க முடியாது. குச்சி நுனியில் ஒரு முடியை ஒட்டி, அதால் தூக்க வேண்டும். அதற்குப் புருவ முடிதான் தோது. ஹால்வருக்குப் புருவம் புதர் மாதிரி.

"அடிப் பாவி, கிழவி! உயிரோட பிடுங்குறியே!" என்று அவன் அலறுவான்.

"உன் உடம்புல உருப்படியா இருக்கிறது இது ஒண்ணுதான். ஆடாம இரு," என்பாள்.

பார்வைக்கு இந்த நீர்க்கரடிகள் எல்லாம் ஒன்றுபோலத்தான் இருக்கும். மரபணுவைப் பிரித்துப் பார்த்தால்தான் சங்கதி தெரியும். நடுவே ஒரு பனியாறு கிடந்தால் போதும், இந்தப் பள்ளத்தாக்கிலும் அந்தப் பள்ளத்தாக்கிலும் இருப்பவை ஆயிரமாயிரம் வருஷமாகப் பெண் கொடுத்துப் பெண் எடுக்காத இரண்டு வம்சங்களாக இருக்கும். அதைக் கணக்கெடுக்கத்தான் பின்லாந்திலிருந்து மாரித் வந்திருந்தாள். அவளுக்குக் காவல் ஹால்வர். ஒரு பள்ளத்தாக்கிலிருந்து இன்னொன்றுக்குப் போகுமுன் பூட்ஸைத் தேய்த்துக் கழுவ வேண்டும் என்பது சட்டம். ஹால்வருக்கு அது செவிடன் காதில் ஊதிய சங்கு.

போன கோடையில் ஹெலிகாப்டர் அவர்களை வடகிழக்கே ஒரு பள்ளத்தாக்கில் இறக்கிவிட்டது. இறங்கிய அன்றே மாரித்துக்குக் கணுக்கால் பிசகிவிட்டது. கடைசி மேட்டுக்கு ஹால்வர் தனியாக ஏறி, ஒரு பை மண் அள்ளிக்கொண்டு வந்தான். அக்டோபரில், படகுத்துறையில் பெட்டி இறக்கிக்கொண்டிருந்தவன், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். எழுந்திருக்கவில்லை.

எங்கள் ஊரில் சவப்பெட்டி புதைப்பதில்லை. உறைந்த மண் எதையும் உள்ளே வைத்துக்கொள்ளாது, மெல்ல மெல்ல மேலே தள்ளிவிடும். அண்ணன்காரன் வந்து ஹால்வரைத் தெற்கே அவர்கள் பிறந்த தீவுக்குக் கொண்டுபோனான். முப்பது வருஷம் இருந்த ஊரில் அவனுக்கென்று ஒரு கல்கூட இல்லை. போர்கில்டை அரித்தது அதுதான். ஆள் போனதைக்கூட ஜீரணித்துவிடுவாள் போலிருந்தது. இதை ஜீரணிக்க முடியவில்லை.

ஜனவரியில் மாரித் ஓட்டமாக வந்தாள். ஹால்வர் அள்ளிய அந்தக் கடைசிப் பையில், தீவுக்கூட்டத்தில் வேறெங்குமே இல்லாத ஒரு வம்சம்!

"பனியுகம் பூரா அந்த மேட்டுலயே பிழைச்சுக் கிடந்திருக்கணும். பேர் வெக்கிற உரிமை எனக்குத்தான். ஹால்வர் வம்சம்னு எழுதிட்டேன்," என்றாள்.

வம்சம்! பிள்ளையில்லாத மனுஷனுக்கு. போர்கில்ட் கழிப்பறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். நாலு மாதத்தில் முதல்முறையாக அழுகையில் கொஞ்சம் சந்தோஷம் இருந்தது.

குளிர்கால இருட்டு முடிந்து சூரியன் திரும்பி வந்த வாரம், மாரித் தயங்கித் தயங்கி அவள் மேசைப் பக்கம் வந்தாள்.

"ஆராய்ச்சிப் பத்திரிகைக்கு அனுப்பின கட்டுரையைப் படிச்சவங்க ஒரு கேள்வி கேட்டிருக்காங்க, போர்கில்ட். வேற எங்கிருந்தாவது ஒட்டிக்கிட்டு வந்திருக்குமோன்னு. ஹால்வரோட பூட்ஸ் இருக்கா?"

"இருக்கு."

"கழுவிட்டீங்களா?"

"சொல்லிச் சொல்லி என் தொண்டைத்தண்ணி வத்தினதுதான் மிச்சம். அப்படியே கிடக்கு."

"நல்லதாப் போச்சு. திங்கக்கிழமை எடுத்துட்டு வாங்க. அடிமண் ஒரு சிட்டிகை போதும்."

வீட்டு வாசலில் இருந்த பூட்ஸை அன்று சாயந்திரம் திருப்பிப் பார்த்தாள். பள்ளங்களில் மண் காய்ந்து கல்லாகியிருந்தது. அதற்குள் ஒரு வைக்கோல் துண்டு.

அந்தப் பள்ளத்தாக்கில் ஏது வைக்கோல்? புறப்படுவதற்கு முந்தின வாரம் ஹால்வர் இதே தீவில் இருக்கிற ருஷ்யக்காரர்களின் சுரங்க ஊருக்குப் போய், பழைய மாட்டுக் கொட்டகைக்குப் பக்கத்தில் தோட்டம் போடுகிற சிநேகிதனிடமிருந்து வெள்ளரிக்காய் வாங்கி வந்திருந்தான். அந்தத் தோட்டத்து மண் ஒரு காலத்தில் ருஷ்யாவிலிருந்து கப்பலில் வந்த மண். நீர்க்கரடி காய்ந்து சுருண்டு கிடக்கும், ஈரம் பட்டால் எழுந்து நடக்கும். பூட்ஸில் ஏறி மேட்டுக்குப் போவது அதற்கு ஒரு பெரிய காரியமா?

ஞாயிற்றுக்கிழமை பக்கத்து வீட்டுத் தோர்திஸ் காபிக்கு வந்தாள். ஊர்க் கடையில் கல்லாவில் இருப்பவள். விஷயத்தைக் கேட்டதும் எழுந்து வாளியில் வெந்நீர் பிடித்தாள்.

"இதுக்கா மூஞ்சியைத் தூக்கி வெச்சிருக்க? கழுவிடுடி. புருஷன் பூட்ஸை பொண்டாட்டி கழுவினா யார் கேக்கப் போறா? நீர்க்கரடி வந்து சாட்சி சொல்லுமா?"

"அதுதாண்டி வந்து சொல்லும்."

"அதுக்குத்தான் கழுவச் சொல்றேன், மக்கு!"

தோர்திஸ் போனபின் போர்கில்ட் வாளியின் பக்கத்தில் உட்கார்ந்தாள். பிரஷைத் தண்ணீரில் முக்கினாள். கழுவினால் பேர் நிற்கும். ஆனால் ஒருநாள் வேறு யாராவது அந்த மேட்டுக்குப் போய் அள்ளிப் பார்ப்பார்கள், இந்த வம்சம் அங்கே இருக்காது. அப்போது பொய்க்கும் ஹால்வர் பேர்தான் இருக்கும். அதுவும் போகட்டும். முப்பது வருஷம் கத்தியும் கழுவாத பூட்ஸ் இது. இதைக் கழுவி வைத்தால், அப்புறம் இது யாருடைய பூட்ஸ்? அவள் கட்டிக்கொண்டது பூட்ஸ் கழுவாத தடியனைத்தான். வாளித் தண்ணீரைக் கொண்டுபோய்க் கொட்டினாள். திங்கட்கிழமை பூட்ஸை ஒரு பையில் கட்டி எடுத்துப்போய் மாரித்தின் மேசைமேல் வைத்து, வெள்ளரிக்காய்க் கதையையும் சொன்னாள். மாரித் அந்தக் கொட்டகைத் தோட்டத்திலிருந்தும் மண் வரவழைத்தாள்.

பத்து நாள் கழித்து மாரித் வந்தபோது முகத்தைப் பார்த்தே தெரிந்துவிட்டது. அப்படியே பொருந்தியிருந்தது. பூட்ஸ் மண், கொட்டகை மண், அந்தப் பை, மூன்றும் ஒரே வம்சம்.

"பேரை எடுத்தாகணும், போர்கில்ட். மன்னிச்சுக்குங்க," என்று மாரித் அழுதாள். "வெளியூர்ப் பிராணி பூட்ஸ்ல ஏறிப் போகுதுங்கறதுக்கு இதைவிட நல்ல சாட்சி கிடையாது. அதை எழுதித்தான் ஆகணும். ஆனா அவருக்குக் கெட்ட பேர் வராது. பாருங்க, 'களப்பணி உதவியாளர் ஒருவரின் பூட்ஸ்'னு மட்டும் போட்டிருக்கேன்."

போர்கில்டுக்கு வந்ததே கோபம்!

"ஒருவரா? எந்த ஒருவர்? அவனுக்குப் பேர் இல்லையா?"

"போர்கில்ட், தப்பு அவரோடதுன்னு ஆயிடுமே."

"தப்பு அவனோடதுதான்! பின்ன என்னோடதா? முப்பது வருஷம் இந்த ஊர்ல குப்பை கொட்டினவன். தப்பாவது அவன் பேர்ல இருக்கட்டும். ஹால்வர்னு எழுது. பூட்ஸைக் கழுவலன்னு எழுது. பொண்டாட்டி தலைபாடா அடிச்சுக்கிட்டும் கழுவலன்னு எழுது!"

மாரித் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "பொண்டாட்டி சொன்னதையுமா?" என்று கேட்டாள்.

"அதை முதல்ல எழுது," என்று சொல்லி, மேசைமேல் கவிழ்ந்து போர்கில்ட் வாய்விட்டு அழுதாள். மாரித் பக்கத்தில் உட்கார்ந்து, அந்த வரியை அடித்துவிட்டு, ஹால்வர் என்று எழுதினாள்.