காப்புக்குள் தீர்ந்த மாத்திரை

சின்னக்குழந்தை என்று பெயர் வைத்தார்களே தவிர, எங்கள் மலையின் நெல்லிவாசல் நாட்டில் அவளைப்போல ஓங்குதாங்காக வளர்ந்த பெண் அப்போது கிடையாது. புளி மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு என்னோடு வாயாடியபடியே ஆலங்காயம் வரை இறங்குவாள். அவளுக்கு வலிப்பு உண்டு என்பது கல்யாணத்துக்குப் பிறகுதான் தெரிந்தது. வந்தால் ஊரே ஓடிவந்து அவள் கையில் இரும்புச் சாவியைத் திணிக்கும். சாவிக்கும் வலிப்புக்கும் என்ன சம்பந்தம் என்று நான் கேட்டால் முறைப்பார்கள்.

எண்பத்திரண்டில் ஒருநாள், மடியில் கைக்குழந்தையோடு சாமைச் சோறு கிண்டிக்கொண்டிருந்தவள் அப்படியே சாய்ந்துவிட்டாள். மகள் பச்சையம்மாவின் கால் அடுப்பில் பட்டு வெந்துபோனது. மாமியார் கெங்கம்மாள் அன்றே பேத்தியைப் பிடுங்கிக்கொண்டு மருமகளைத் தாய்வீட்டுக்கு விரட்டினாள். தாய்வீடு அதே ஊரில், நாலு வீடு தள்ளி. குழந்தை அழுவது கேட்கும், போய்த் தூக்க முடியாது. கணவன் தசரதன் அம்மா பேச்சை மீறாதவன். கெங்கம்மாளைக் கொடுமைக்காரி என்று திட்ட எனக்கும் ஆசைதான். ஆனால் அந்தப் பிஞ்சுக் கால் வெந்திருந்த கோலத்தை நானும் பார்த்தேனே.

ஊர்க்கவுண்டர் அர்ச்சுனன் தீர்ப்புச் சொன்னார். அடுத்த மாரியம்மன் திருவிழா முடியும்வரை வலிப்பு வராவிட்டால் பிள்ளை தாயிடம். ஒருதரம் வந்தாலும் மாமியாரிடமே.

நானும் சின்னக்குழந்தையும் வாணியம்பாடிக்குப் போய் டாக்டர் ஃபரீதாவைப் பார்த்தோம்.

"மூளைக்குள்ள துள்ளச் சொல்ற சரக்கும் இருக்கும்மா, சும்மா இருன்னு சொல்ற சரக்கும் இருக்கு. சும்மா இருன்னு சொல்றதுக்குக் காபான்னு பேரு. உனக்கு அதோட பேச்சு எடுபடல. இந்த மாத்திரை அதுக்கு ஒத்தாசை பண்ணும்" என்றார்.

"ஒத்தாசை இன்னாத்துக்குங்க? அந்தக் காபாவையே குடுத்துடுங்க, முழுங்கிட்றேன்."

டாக்டர் சிரித்துவிட்டார். "வெளிநாட்டுல அதையும் மாத்திரையா விக்கிறாங்க. ஆனா வயித்துக்குப் போனது மூளைக்குள்ள சரியா நுழையறதில்லன்னு சொல்றாங்க. இது உள்ள போவும். ஒரு ராத்திரிகூட வுடாத. திடீர்னு நிறுத்தினா முன்னவிட மோசமா வரும்."

அவள் விடவில்லை. முதலில் தூக்கமாய்க் கண்ணைச் சொருகியது. பிறகு பழகிவிட்டது. வலிப்பு நின்றது. நின்றதும் ஊருக்குப் பொறுக்குமா? "நல்லாத்தானே கீற, மாத்திரை எதுக்கு?" என்று ஆளாளுக்கு வைத்தியம் சொன்னார்கள். ஓசியில் வருகிற புத்திமதிக்கு எங்கள் மலையில் என்றைக்கும் பஞ்சமில்லை.

மறுவருஷம் பூசாரிக்குத் திடீரென்று அருள் வந்து, திருவிழாவை முன்னால் இழுத்துவிட்டார். காப்புக் கட்டிவிட்டால் திருவிழா முடியும்வரை ஊரில் ஒருவரும் எல்லை தாண்டக் கூடாது. அன்றே காப்பும் கட்டிவிட்டார்கள். அடுத்த வாரம் போய் மாத்திரை வாங்கலாம் என்றிருந்தவள் வசமாக மாட்டிக்கொண்டாள். டப்பாவில் கடைசி மாத்திரை கிடந்தது.

"தாண்டினா ஊர்க்குத்தம். தாண்டலன்னா வுழுவேன். ரெண்டுலயும் புள்ள போவுதுடி" என்றாள். அவள் அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

"இருட்டினப்புறம் யாருக்கும் தெரியாம போய்ட்டு வந்துடு."

"நான் இன்னா கோழியா திருடப் போறேன்?"

மறுநாள் காலை ஊரே கோயில்முன் கூடியிருந்தபோது வந்தாள். அம்மனைக் கும்பிட்டாள். மேளக்காரர்கள் கை ஓய்ந்து பார்க்க, எல்லைக்கல்லைத் தாண்டி இறங்கிப் போனாள். எனக்குப் பயமாக இருந்தது. பெருமையாகவும் இருந்தது, பொய் சொல்வானேன்!

பொழுது சாய மாத்திரையோடு திரும்பினாள். பஞ்சாயத்து தயாராக உட்கார்ந்திருந்தது.

"காப்ப மீறினவ கையிலயா புள்ளைய குடுப்பீங்க?" என்று கெங்கம்மாள் பாய்ந்தாள்.

"மீறினா கடைசி நாள் தீச்சட்டி ஏந்தி ஊரைச் சுத்தணும். அதான் வழக்கம். புள்ள விசயம் வேற" என்றார் கவுண்டர்.

"இழுப்புக்காரி கையில நெருப்பா? வுழுந்தா இன்னா ஆவறதுங்க?"

கெங்கம்மாள் கேட்டதில் நியாயம் இருந்தது. சின்னக்குழந்தை கையை நீட்டிக்காட்டினாள்.

"ஒரு வருசமா வுழல, அத்த. மாத்திரையும் வுடல. ஏந்தறேன்."

கடைசி நாள் தீச்சட்டி ஏறியது. வேப்பிலைமேல் கனன்ற சட்டியோடு, ஆறடி உயரத்துக்கு நிமிர்ந்து நடந்தாள். பேத்தியை இடுப்பில் வைத்துக்கொண்டு கெங்கம்மாள் பக்கத்திலேயே வந்தாள். ஒரு கை குழந்தையைப் பிடித்திருந்தது. மற்றது மருமகளின் முதுகுக்குப் பின்னால், விழுந்தால் தாங்க நீட்டியபடியே இருந்தது. ஊரைச் சுற்றி முடிக்கும்வரை அந்தக் கை இறங்கவில்லை. அதற்கு வேலையும் வரவில்லை.

சட்டியைக் கோயில்முன் இறக்கினாள். நாங்கள் போட்ட குலவை அடிவாரம்வரை கேட்டிருக்கும். தசரதன்கூடக் கத்தினான்.

கவுண்டர் வாய் திறக்கும் முன்பே கெங்கம்மாள் குழந்தையை நீட்டினாள். பச்சையம்மாவுக்குத் தாயின் முகம் மறந்திருந்தது. வீரிட்டு அலறி, காலை உதைத்து, பாட்டியிடமே தாவியது. சின்னக்குழந்தை திகைத்துப்போய் மாமியாரைப் பார்த்தாள்.

"திருப்பிக் குடுத்துடாத, கெட்டியா புடி" என்றாள் கெங்கம்மாள், கண்ணைத் துடைத்துக்கொண்டே. "உங்கிட்டருந்து புடுங்கினன்னிக்கு என் கையிலயும் இப்டித்தான் கத்துச்சு."