ஒரு கொம்பு வித்தியாசம்

அண்ணியை நினைத்தால் எனக்கு முதலில் முகம் வருவதில்லை. வெள்ளை பிளாஸ்திரி சுற்றிய மெட்டிதான் வருகிறது. ஆடுகளத்தில் நகை கூடாது என்று நடுவர் சொன்னால் கம்மலைக் கழற்றுவாள், வளையலைக் கழற்றுவாள், தாலியைப் பனியனுக்குள் தள்ளி ஊக்கு குத்திக்கொள்வாள். மெட்டியை மட்டும் கழற்ற மாட்டாள். கம்பெனி முதலுதவிப் பெட்டியிலிருந்து பிளாஸ்திரி கேட்டு வாங்கி, இரண்டு கால் விரல்களிலும் பொறுமையாகச் சுற்றிக்கொண்டு, கோட்டருகே வந்து மண்ணைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வாள். தை மாதத்துக் காலைப் பனி பழவேற்காட்டு ஏரிப் பக்கமிருந்து வந்து மைதானத்தின் மேல் படுத்துக் கிடக்கும். சோதனைச்சாவடிக்காக வரிசையில் நிற்கும் லாரிகளின் விளக்குகள் மட்டும் அதற்குள் மங்கலாகத் தெரியும். அந்த வெளுப்புக்குள் அண்ணி பாடிக்கொண்டு ஓடி வரும்போது, ஆள் தெரிவதற்கு முன்னால் குரல் வந்து சேர்ந்துவிடும். இப்போது நினைத்துப் பார்த்தால், அந்த வருஷங்கள் மொத்தமும் அந்தப் பனிக்குள்தான் நடந்ததாகத் தோன்றுகிறது.

கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் கார்களுக்கு ஒயர்க் கட்டுகள் செய்யும் கம்பெனி எங்களுடையது. பெண்கள்தான் அதிகம். காலையில் எங்கள் எளாவூர்ப் பக்கத்திலிருந்து ஒரு பஸ் வரும், ஆந்திர எல்லைக்கு அந்தப் பக்கம் சூளூர்ப்பேட்டையிலிருந்து ஒரு பஸ் வரும். எந்த பஸ் முதலில் வந்தது என்று கேட் அருகே ஆரம்பித்த வாய்ச்சண்டைதான், எப்படியோ வளர்ந்து, வருஷா வருஷம் நடக்கும் கபடிப் போட்டியாக ஆகிவிட்டது. பொங்கல் முடிந்து வரும் மூன்று ஞாயிறுகள், மூன்று ஆட்டங்கள். முதல் ஆட்டம் எங்கள் ஊர்ப் பள்ளிக்கூட மைதானத்தில், இரண்டாவது அவர்கள் ஊரில், மூன்றாவது கம்பெனி மைதானத்தில். அந்த மூன்று வாரமும் ஒரே மேசையில் எதிரெதிரே உட்கார்ந்து ஒயர் கட்டிக்கொண்டே ஒருத்தியை ஒருத்தி முறைத்துக்கொள்வோம். சாப்பாட்டு நேரத்தில் மட்டும் ஊறுகாய்க்கு எல்லை கிடையாது.

இந்தப் போட்டிக்கு ஒரு வழக்கம் உண்டு. வேறெங்கும் அப்படி இருப்பதாக நான் கேள்விப்பட்டதில்லை. கபடி கபடி என்று பாடக் கூடாது. எங்கள் பக்கத்துக்காரி சடுகுடு என்று பாட வேண்டும். அவர்கள் பக்கத்துக்காரி செடுகுடு என்று பாட வேண்டும், தெலுங்கில் அப்படித்தான் அந்த ஆட்டத்துக்குப் பெயர். தமிழில் எழுதிப் பார்த்தால் ஒரே ஒரு கொம்புதான் வித்தியாசம். மாற்றிப் பாடினால் மூச்சு விட்டதாகக் கணக்கு, ஆள் அவுட். வெளியூர்க்காரர்கள் இதைக் கேட்டுச் சிரிப்பார்கள். எங்களுக்கு அது சிரிப்பு இல்லை. அந்தக் கொம்புக்காக இரண்டு தடவை அடிதடி வரை போயிருக்கிறோம்.

அண்ணி பிறந்தது சூளூர்ப்பேட்டைக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். கம்பெனியில் ஃபோர்க்லிப்ட் ஓட்டிக்கொண்டிருந்த என் அண்ணன் அவளைப் பார்த்தான், அவள் அவனைப் பார்த்தாள், மீதியை அம்மாவுக்குச் சொல்ல ஆளில்லாமல் நான் போய்ச் சொன்னேன். அம்மா சாமி படத்தைப் பார்த்து உட்கார்ந்துகொண்டு இரண்டு நாள் பேசவில்லை. கல்யாணம் நடந்தது. ஆனால் அம்மாவின் வாயில் அண்ணிக்குப் பெயரும் இல்லை, உறவும் இல்லை. “சூளூர்ப்பேட்டைக்காரி எழுந்துட்டாளா?” “சூளூர்ப்பேட்டைக்காரி கொழம்புல உப்பு இன்னாத்துக்கு இவ்ளோ?” இப்படியே ஒரு வருஷம் ஓடியது. அண்ணி ஒன்றும் சொல்ல மாட்டாள். துணி துவைக்கும் இடத்தில் என்னிடம் மட்டும், “பாப்பா, உங்க அம்மா என்னைக் கூப்பிடறத பாத்தா பஸ்ஸு கண்டக்டர் ஸ்டாப்பிங் சொல்ற மாரியே கீது” என்று சொல்லிவிட்டுச் சிரிப்பாள். சிரிப்பு சீக்கிரம் நின்றுவிடும். எனக்கு அம்மா மேல் கோபம் கோபமாக வரும், ஆனால் அம்மாவிடம் அதைக் காட்டும் தைரியம் இல்லை.

அடுத்த தையில் அண்ணி எளாவூர்ப் பக்கம் ஆடினாள். வாழ்க்கைப்பட்ட இடம் என்று யாரும் அப்போது கேள்வி கேட்கவில்லை. கடைசி ஆட்டத்தில் ஒரே மூச்சில் மூன்று பேரைத் தொட்டுவிட்டுத் திரும்பினாள். கூட்டத்தில் யாரோ ஒரு அம்மாள், “யாருடி அந்தப் பொண்ணு, குதிர மாரி கீறா?” என்று கேட்க, என் அம்மா பிளாஸ்டிக் நாற்காலியிலிருந்து பாதி எழுந்து, “எங்க மருமவ” என்றாள். நான் ஆடுகளத்தில் நின்றபடி அதைக் கேட்டேன். அண்ணியும் கேட்டாள். அன்று அம்மாவே அவளுக்குத் தட்டு எடுத்து வைத்துச் சோறு போட்டாள். அடுத்த வருஷமும் எங்களுக்குத்தான் வெற்றி. ‘மருமகள்’ என்ற சொல் வீட்டில் புழங்கிப் பழகிவிட்டது.

இரண்டு வருஷம் தோற்றால் யார்தான் சும்மா இருப்பார்கள்? எங்கள் பெண்ணை வைத்து எங்களையே அடிக்கிறீர்கள் என்று அந்தப் பக்கத்துக்காரர்கள் போர்க்கொடி தூக்கினார்கள். பஞ்சாயத்து எங்கள் மேனேஜரிடம் போனது. அவர் சில வருஷம் ஆஸ்திரேலியாவில் வேலை பார்த்தவர். அங்கே இரண்டு மாநிலங்கள் வருஷா வருஷம் மூன்று ரக்பி ஆட்டம் ஆடுமாம், ஊரே இரண்டாகப் பிரிந்து நிற்குமாம். ஒருவன் எங்கே குடியிருக்கிறான், எந்தக் கிளப்பில் சம்பளம் வாங்குகிறான் என்று பார்க்க மாட்டார்களாம். எந்த மண்ணிலிருந்து வந்தவனோ அந்த மண்ணுக்குத்தான் ஆட வேண்டுமாம். “அதே ரூலை நாமளும் வெச்சுக்கலாம்” என்றார். எல்லோருக்கும் நியாயமாகப் பட்டது. பிறந்த ஊர்தான் கணக்கு என்று எழுதி ஒட்டி, பிறப்புச் சான்றிதழ் கொண்டுவரச் சொன்னார்கள்.

அங்கேதான் கூத்து ஆரம்பித்தது. தலைப்பிரசவம் அம்மா வீட்டில் என்பதை எல்லோரும் மறந்துவிட்டார்கள். எல்லைக்கு இரண்டு பக்கமும் பெண் கொடுத்துப் பெண் எடுக்கிற ஊர்கள் எங்களுடையவை. சான்றிதழை மேசையில் பரப்பினால், எங்கள் ஏழு பேரில் நாலு பேர் அந்தப் பக்கம் பிறந்தவர்கள். எங்கள் கேப்டனே நாயுடுப்பேட்டை ஆஸ்பத்திரியில் பிறந்தவள்! அவர்களுடைய சிங்கங்களில் மூன்று பேர் பொன்னேரியில் பிறந்திருந்தார்கள். தலைச்சன் பிள்ளைகள் எல்லாம் அணி மாற வேண்டும் போலிருந்தது. மேனேஜர் தலையில் கை வைத்துக்கொண்டு விதியைத் திருத்தினார்: பிறந்தது எங்கேயாவது இருக்கட்டும், முதன்முதலில் எந்த மண்ணில் இறங்கி ஆடினாளோ அந்த மண்ணுக்கு ஆட வேண்டும். இந்தத் திருத்தத்தில் எல்லோரும் அவரவர் இடத்துக்குத் திரும்பினார்கள். அண்ணி ஒருத்தி மட்டும் அந்தப் பக்கம் போனாள். அவள் முதலில் இறங்கி ஆடியது அவளுடைய ஊர்ப் பள்ளிக்கூட மைதானத்தில்.

செய்தி வீட்டுக்கு வந்த அன்று அம்மா முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை. “எந்தப் பக்கம் ஆடறாளோ, அந்தப் பக்கமே சோறு துன்னட்டும்” என்றாள். கோபத்தில் சொன்னதுதான். ஆனால் அன்று சாயங்காலமே ‘சூளூர்ப்பேட்டைக்காரி’ திரும்பி வந்துவிட்டாள், மருமகளைக் காணோம்.

“ஆடாம உக்காந்துடு அண்ணி. ஒடம்பு சரியில்லன்னு சொல்லிடலாம்” என்றேன்.

“வருசம் பூரா ஒயர் கட்டிக்கினு கீறேன் பாப்பா. மூணு நாளுதான் ஓடறேன். அதையும் உட்டுட்டு இன்னா பண்றது?” என்றாள்.

முதல் ஆட்டம் நாங்கள் ஜெயித்தோம், இரண்டாவதை அவர்கள். இரண்டிலும் அண்ணி முகத்தை நான் நேராகப் பார்க்கவில்லை. மூன்றாவது ஆட்டத்தன்று பனி விலக ஒன்பது மணி ஆனது. அண்ணியின் அம்மா பஸ் பிடித்து வந்திருந்தார்கள், மகள் ஆட்டம் முடிந்ததும் சாப்பிட நாலு அடுக்குக் கேரியரில் சோறும் மீன் குழம்பும் எடுத்துக்கொண்டு. மைதானத்தின் அந்த ஓரத்தில் அவர்கள், இந்த ஓரத்தில் என் அம்மா. சம்பந்தி அம்மாள்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துத் தலையைக் கூட அசைக்கவில்லை.

கடைசி நிமிஷத்தில் நாங்கள் ஒரு புள்ளி முன்னால். பாடி வருவது அண்ணி. செடுகுடு செடுகுடு செடுகுடு என்று அந்தக் குரல் வந்தது. இரண்டு வருஷம் என் பக்கத்தில் நின்று ஒலித்த குரல். மூலையில் நின்ற எங்கள் ஆளைத் தொட்டாள், திரும்பும்போது என் தோளையும் தொட்டாள். கோட்டைத் தொட்டுவிட்டால் இரண்டு புள்ளி, ஆட்டம் அவர்களுக்கு. நான் பாய்ந்து அவள் கணுக்காலைக் கட்டிக்கொண்டேன். இரண்டு பேரும் மண்ணில் விழுந்தோம். அவள் கை நடுக்கோட்டை நோக்கி ஊர்ந்தது. ஒரு முழம், ஒரு சாண், நாலு விரல். அந்த நேரத்தில் சத்தமெல்லாம் அடங்கிப் போனதுபோல் இருந்தது எனக்கு. அவள் மூச்சு மட்டும்தான் கேட்டது. அதற்குள்ளிருந்து, சடுகுடு. என் காதில்தான் ஏதோ கோளாறு என்று நினைத்தேன். மறுபடியும் சடுகுடு. கொம்பு இல்லை.

யோசித்திருந்தால் வாயை மூடியிருப்பேன். யோசிக்கவில்லை. “தப்பு சார்! சடுகுடுன்னு பாடிட்டா!” என்று கத்திவிட்டேன்.

நடுவர் சோழவரத்திலிருந்து வந்த விளையாட்டு ஆசிரியர், நேர்மையான மனிதர். விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டு அண்ணியிடமே கேட்டார். அவள் எழுந்து, உதட்டில் ஒட்டிய மண்ணைத் துடைத்துக்கொண்டு, “ஆமா சார், சொன்னேன்” என்றாள். அவள் அவுட். எங்களுக்கு வெற்றி. அந்தப் பக்கத்துப் பெண்கள் அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டார்கள். என் வாயால் அவளைத் தோற்கடித்துவிட்டேன் என்ற எண்ணம்தான் இருந்தது, ஜெயித்த சந்தோஷம் மருந்துக்கும் இல்லை.

அப்போதுதான் என் அம்மா மைதானத்துக்குள் நடந்து வந்தாள். முந்தானையால் அண்ணியின் முகத்தைத் துடைத்தாள். கூட்டத்தைப் பார்த்து, “கேட்டீங்களா? மூச்சு முட்டற நேரத்துல இன்னா வந்துது பாத்தீங்களா வாயில? எங்க வார்த்த! எந்தப் பனியன போட்டா இன்னா, அவ எங்க ஊட்டுப் பொண்ணு” என்றாள். எல்லோரும் சிரித்தார்கள், கைதட்டினார்கள். அம்மா அவள் கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு போனாள். அண்ணி ஒரு தடவை திரும்பி மைதானத்தின் அந்த ஓரத்தைப் பார்த்தாள். அவளுடைய அம்மா அங்கே இல்லை. கேரியரோடு பஸ் ஸ்டாப்பை நோக்கிப் போய்க்கொண்டிருந்தார்கள்.

அதற்குப் பிறகு அண்ணி ஆடவில்லை. அந்தப் பக்கம் அவளைக் கூப்பிடவில்லை, இந்தப் பக்கம் விதி விடவில்லை. கொஞ்ச வருஷத்தில் போட்டியே நின்றுபோனது. இப்போது அந்த மைதானத்தில் கம்பெனி ஷெட் போட்டுவிட்டார்கள். நான் கல்யாணமாகித் திருநின்றவூரில் ஒரு பிளாட்டில் இருக்கிறேன். அம்மாவுக்கு வயதாகிவிட்டது. வீட்டுக்கு யார் வந்தாலும் அந்தக் கதையைச் சொல்கிறாள். மூச்சு முட்டற நேரத்துல எங்க வார்த்ததான் வந்துது என்கிற இடத்தில் ஒவ்வொரு தடவையும் குரல் தழுதழுக்கிறது. அண்ணிக்குக் காய்ச்சல் என்றால் அம்மா தூங்குவதில்லை. மாமியார் மருமகள் என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று தெருவே சொல்கிறது.

போன மாதம் நான் போயிருந்தபோதும், வந்திருந்த விருந்தாளியிடம் அம்மா அதையே சொல்லிக்கொண்டிருந்தாள். அண்ணி பின்கட்டில் மீன் அலசிக்கொண்டிருந்தாள். நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். “அன்னிக்கு நான் கத்தியிருக்கக் கூடாது அண்ணி. என்ன மன்னிச்சிடு” என்றேன். இத்தனை வருஷம் நெஞ்சில் கிடந்தது.

அண்ணி என்னை வியப்பாகப் பார்த்தாள். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, “மூச்சு நெறய இருந்துது பாப்பா. இன்னும் பத்துப் பாட்டு பாடியிருப்பேன்” என்றாள். “நீ கத்தாம உட்டுடப் போறியேன்னுதான் பயம். அதான் ரெண்டாவது வாட்டி அழுத்திச் சொன்னேன்.”

உள்ளே அம்மா கதையை முடித்திருந்தாள், விருந்தாளி ஆச்சரியப்படும் சத்தம் கேட்டது. “உங்க அம்மாவுக்குத் தெரியுமா?” என்று கேட்டேன்.

அண்ணி தண்ணீரை மாற்றி ஊற்றினாள். “எனக்குப் பாடக் கத்துக் குடுத்ததே அவங்கதான். தெரியாம இருக்குமா? அதனாலதான் கேரியரத் தெறக்காம எடுத்துகினு போய்ட்டாங்க.”