எள்ளில் ஏறிய மல்லிகை

கோவையில் ஒரு கடைக்காரர் மல்லிகை அத்தர் புட்டியைத் திறந்து என் முகத்தருகே நீட்டினார். ஒன்றும் வாங்காமல் படியிறங்கிவிட்டேன்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில், அன்னூரில், பத்தொன்பது வயதில் கணவனை இழந்து எங்கள் வீட்டுக்கே திரும்பிவந்த அத்தை, பின்கட்டில் தானாகவே வாசனை எண்ணெய் செய்யப் பழகினாள். கழுவிக் காயவைத்த எள்ளையும் மாலையில் விரியும் மல்லிகையையும் மாற்றி மாற்றிப் பரப்பி, வெள்ளைத்துணியால் மூடி, காலையில் வாடிய பூவைப் பொறுக்கிவிட்டு, மாலையில் மறுபடி புதுப்பூ இடுவாள். முதல் தடவை பூவின் ஈரம் பட்டு எள் முழுக்கப் பூசணம் பிடித்தது. அடுத்த தடவை பூவை நிழலில் உலர்த்தியபின் போட்டாள். பத்து நாள் கழித்துச் செக்கில் ஆட்டிய எண்ணெயை வீட்டுப் பெண்கள் தலையில் தேய்த்துக்கொண்டார்கள். அவள் மட்டும் தேய்க்கக் கூடாது. அதனால் என் மணிக்கட்டில் ஒரு சொட்டு வைத்துக் கேட்பாள்.

“மோந்து பாரு கண்ணு, பூ வாசம் முன்னால வருதா, எள்ளு வாசமா?”

ஒருநாள் அவள் தோளில் சாய்ந்தபோது கழுத்தில் அந்த வாசம் வந்தது. எட்டு வயதுப் பெண் நான், கண்டுபிடித்துவிட்ட பெருமையில் கூவினேன்.

“அப்பா, அத்தை கழுத்துல மல்லிகை மணக்குதுங்க!”

“தாலியறுத்துப்போட்டு வந்தவளுக்கு வாசம் கேக்குதா?” என்று அப்பா எண்ணெய்ச் சட்டியைத் தூக்கிக் குப்பைமேட்டில் கவிழ்த்தார்.

அத்தை என்னைத் திட்டவில்லை. ஆனால் சாகும்வரை, நான் அருகே போனாலே முந்தானையைக் கழுத்தோடு இழுத்துப் போர்த்திக்கொண்டு தள்ளி உட்கார்ந்தாள்.