பாலத்துக்கு விழுந்த மொச்சைகள்

நிக்காசியா வில்கா அக்கரையின் பிரதிநிதியாக எங்கள் ஊர்ச் சபையில் முதன்முதலில் கையெழுத்திட்டது, சபைச் செயலாளரான என்னுடைய நான்காம் குறிப்பேட்டின் அறுபத்திரண்டாம் பக்கத்தில். அன்று அவளுக்கு முப்பத்தொன்பது வயது. இப்போது ஐம்பத்தேழு. இந்தப் பதினெட்டு ஆண்டுகளில் அவள் சபையில் வைத்த கோரிக்கை ஒன்றே ஒன்றுதான்: ஆற்றின் மேல் ஒரு நடைபாலம்.

அக்கரையில் முப்பத்தொரு வீடுகள். ஆற்றுக்குக் குறுக்கே ஓர் இரும்பு வடம், அதில் தொங்கும் மரக்கூண்டு. உட்கார்ந்தவரே கயிற்றை இழுத்துக்கொண்டு இக்கரை வரவேண்டும். நிக்காசியாவின் இடக்கையில் இரண்டு விரல்களுக்கு நுனி கிடையாது. அவை அந்த வடத்துக்குப் போனவை. அவள் கணவர் ஃபெர்மின் இருபத்திரண்டு ஆண்டுகள் சுரங்கத்தில் வேலை பார்த்து, நெஞ்சு நிறையத் தூசியோடு வீடு திரும்பியவர். பதினைந்து நாளைக்கு ஒருமுறை அவரை இக்கரைச் சுகாதார நிலையத்துக்குக் கொண்டுவர வேண்டும். முன்பு கயிற்றை அவர் இழுத்தார். இப்போது அவரை மடியில் சாய்த்துக்கொண்டு அவள் இழுக்கிறாள். போன மழைக்காலத்தில் பத்தொன்பது நாள் கூண்டு ஓடவில்லை. அந்தப் பத்தொன்பது நாளும் அவர் உட்கார்ந்தபடியேதான் தூங்கினார். படுத்தால் மூச்சு வராது.

எங்கள் சபை ஆண்டுக்கு ஒருமுறை ஆகஸ்டில் கூடும். ஊருக்கு எது முதலில் வேண்டும் என்று தேர்ந்தெடுத்து, முதல் மூன்றை மாகாண அலுவலகத்துக்கு அனுப்புவோம். அதற்கு மேல் அனுப்பினால் அவர்கள் படிப்பதில்லை. ஒவ்வொரு கோரிக்கைக்கும் அதை வைத்தவரின் தொப்பி மேசையில் கவிழ்த்து வைக்கப்படும். பிரதிநிதிகள் இருபத்து மூன்று பேர். ஆளுக்கு ஒரு காய்ந்த மொச்சை நான் தருவேன். தொப்பிக்கு அடியில் கைவிட்டுப் போடவேண்டும்.

தன் மொச்சையைத் தன் தொப்பிக்கே போடுவது இங்கே அசிங்கம். இன்று என் வயலில் நீ கிழங்கு தோண்டினால் நாளை உன் வயலில் நான் தோண்டுவேன். அதை ஐனி என்போம். மொச்சையும் அப்படித்தான். நிக்காசியா பதினெட்டு ஆண்டுகளில் மற்றவர்களுக்குப் போட்ட பதினெட்டு மொச்சைகளில் கல்லறைக்குச் சுவர் வந்தது, பள்ளிக்கு மணி வந்தது, மைதானத்துக்கு விளக்கு வந்தது. பாலம் மட்டும் ஐந்தாவதாகவும் ஆறாவதாகவும் நின்றது.

சென்ற ஆகஸ்டில் கதை மாறும் போலிருந்தது. ஃபெர்மின் கூண்டிலேயே நினைவிழந்து கிடந்ததை ஜூனில் ஊரே பார்த்திருந்தது.

"இந்த வாட்டி உனக்குத்தான் அக்கா" என்றாள் எங்ராசியா. ஊர் நுழைவாயிலில் வளைவு கட்டவேண்டும் என்று கேட்பவள் அவள். "உன் ஐனிய எத்தனை வருஷம்தான் முதுகுல சுமக்கிறது?"

"அப்போ உன் வளைவு?"

"அது வழியா யாரு வரப்போறா? நம்ம பசிலியோவோட கழுதைதான்."

"என் கழுதைக்கு வளைவெல்லாம் வேணாம் தாயி, அது குனிஞ்சே வரும்" என்றார் மேல்மலைப் பிரதிநிதி பசிலியோ. அவருடைய கோரிக்கை ஆடு அறுக்கும் கொட்டகைக்குக் கூரை.

எல்லோரும் போட்டு முடித்ததும், மாகாண அலுவலகத்திலிருந்து வந்திருந்த எஞ்சினியர் முன்னிலையில் தொப்பிகளைத் தூக்கினேன். நிக்காசியாவின் தொப்பிக்கு அடியில் ஒரு குவியல். எண்ணினேன். இருபத்தைந்து. மற்றத் தொப்பிகளில் ஒன்பது. மொத்தம் முப்பத்து நான்கு.

நான் கொடுத்தவை இருபத்து மூன்று.

இரண்டாம் முறை எண்ணும்போதுதான் கவனித்தேன். நான் கொடுத்தவை கடையில் வாங்கிய வெளிர்ப் பச்சை மொச்சைகள். குவியலில் பதினொன்று கருஞ்சிவப்பு, அவரவர் வயலில் விளைந்தவை.

"யாருய்யா வீட்லேருந்து மொச்சை கொண்டு வந்தது?" என்று கேட்டேன்.

ஒருவரும் மறைக்கவில்லை. "நான்தான்" என்றார் பசிலியோ. "பதினெட்டு வருஷம் கழிச்சுத் திருப்பிக் குடுக்கிறோம். கொசுறு இல்லாம எப்படிக் குடுக்கிறது? பிச்சைக்காரப் பயன்னு நினைக்க மாட்டாங்களா?"

"நானும் ஒண்ணு சேத்துப் போட்டேன்." "நானும்" என்று அடுத்தடுத்துக் குரல்கள் எழுந்தன.

சிவப்பை நீக்கினாலும் பதினான்கு மிஞ்சுகிறது, பாலம்தான் முதலிடம் என்று எஞ்சினியரிடம் சொன்னேன். அவர் என் ஆறாம் குறிப்பேட்டைப் புரட்டி, விதி நான்கை எனக்கே படித்துக் காட்டினார்: கொடுத்ததை விட ஒன்று கூடினாலும் மொத்த வாக்கும் செல்லாது. மைதான விளக்குக்கு எவனோ ஒரு பிடி அள்ளிப் போட்ட ஆண்டில் நான் எழுதியது. கையெழுத்து என்னுடையது.

"மறுபடி போடுங்க" என்றார். "சீக்கிரம், ரெண்டு மணிக்கு வண்டி."

மறுபடி கொடுத்தேன். எண்ணினேன். வளைவு ஆறு, மைதானப் படிக்கட்டுக்குக் கூரை ஆறு, ஆட்டுக் கொட்டகை ஐந்து, பாலம் நான்கு. மற்ற இரண்டுக்குத் தலா ஒன்று. நகராட்சிக் கட்டடத்துக்கு வண்ணம் பூச யாரும் போடவில்லை.

"என்ன எங்ராசியா இது?" என்றேன்.

அவள் உண்மையாகவே விழித்தாள். "நான்தான் குடுத்துட்டேனே அய்யா. கொசுறோட குடுத்தேன். திரும்பத் திரும்பக் குடுத்தா அதுக்குப் பேரு ஐனியா?"

பலரும் தலையாட்டினார்கள். அவர்களைப் பொறுத்தவரை மொச்சை கையை விட்டுப் போய்விட்டது, பதினெட்டு ஆண்டுப் பாக்கி தீர்ந்துவிட்டது. அது செல்லாமல் போனது எஞ்சினியருக்கும் எனக்கும் இடையிலான விவகாரம்.

நிக்காசியா யாரோடும் வாதாடவில்லை. பெஞ்சில் உட்கார்ந்து கோக்கா இலையை மென்றுகொண்டிருந்தாள். அவள் பக்கத்தில் போய் அமர்ந்தேன்.

"நீங்க யாருக்குப் போட்டீங்க?"

"பசிலியோவுக்கு. ஜூன்ல எங்க வீட்டுக்காரரைக் கூண்டுலேருந்து தூக்க மூணு பசங்கள அனுப்பினாரில்ல."

"அத மொதல் தடவையே போட்டிருப்பீங்களே."

"போட்டேன். அதுதான் செல்லாதுன்னுட்டாரே எஞ்சினியரு. அப்ப பசிலியோவுக்குப் போய்ச் சேரலைன்னுதானே அர்த்தம்?"

கொட்டகைக்கு விழுந்த ஐந்தில் ஒன்று அவளுடையது. அது அவள் தொப்பிக்கு வந்திருந்தால் பாலம் ஐந்து, கொட்டகை நான்கு; மூன்றாவதாகப் பாலம் மாகாண அலுவலகத்துக்குப் போயிருக்கும். இதை அவளிடம் சொல்லவேண்டிய அவசியம் இல்லை. நான் எண்ணும்போது அவளும் மேசைக்கு எதிரேதான் நின்றாள்.

"அடுத்த வருஷம் பாப்போம்" என்றேன்.

"அடுத்த வருஷம் யாரும் எனக்கு ஒண்ணும் தரவேண்டியதில்ல செயலாளரய்யா. எல்லாம் தீந்துபோச்சு." அவள் சிரிக்க முயன்றாள். "மறுபடி மொதல்லேருந்து ஆரம்பிக்கணும். அவருக்குத்தான் அம்புட்டு மூச்சு இருக்கான்னு தெரியல."

எஞ்சினியரின் வண்டி போனபின் அவள் தன் தொப்பியை எடுக்க மேசைக்கு வந்தாள். சிவப்பு மொச்சைகள் ஓரமாகக் கிடந்தன. வாக்கில் பயன்பட்ட விதைகளை உறையிலிட்டுக் குறிப்பேட்டோடு வைக்கவேண்டும். அது விதி ஏழு. அதுவும் நான் எழுதியதுதான்.

"இத நான் எடுத்துக்கவா?" என்றாள். "வேகவெச்சா அவரு ரெண்டு வாய் சாப்பிடுவாரு. மெல்ல முடியலைன்னா மசிச்சுக் குடுப்பேன்."

எடுத்துக்கொள்ளச் சொன்னேன். அவள் ஒவ்வொன்றாகப் பொறுக்கித் துணியில் முடிந்துகொண்டு ஆற்றை நோக்கி நடந்தாள். கூண்டு அக்கரையில் நின்றது. அதை இழுத்து வரவே அவளுக்குக் கால் மணி நேரம் பிடித்தது.

அன்றைய பக்கத்தில் முடிவுகளை எழுதினேன். நான்காவது, பாலம். கீழே ஒரு வரி சேர்த்தேன்: பதினொரு மொச்சைகள் அக்கரைப் பிரதிநிதி நிக்காசியா வில்காவிடம் ஒப்படைக்கப்பட்டன. பாலக் கணக்கில் அவளுக்கு இதுவரை கிடைத்தது அவ்வளவுதான்.