மஞ்சளுக்குள் இருந்த துட்டு

இதை எழுதலாமா என்று பல வருஷமாகத் தயங்கிக்கொண்டிருந்தேன். எழுதினால் சிலர் சிரிப்பார்கள். சிலர் தம் பங்குக்கு ஏதாவது சேர்த்துச் சொல்வார்கள். எனக்கு இரண்டுக்கும் பயம். இன்று முருகன் மலையைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டு உட்கார்ந்திருக்கிறேன்.

எங்கள் வீட்டுச் சாமி மாடத்தில் ஒரு செம்புக் காசு உண்டு. அதற்கு ‘துட்டு’ என்றுதான் பெயர். யாருக்காவது வேண்டுதல் என்றால் அதன்மேல் மஞ்சள் பூசி, மஞ்சள் துணியில் முடிந்துவைப்போம். வேண்டுதல் நிறைவேறினதும் மலைக்கு எடுத்துப்போய் முருகனுக்குக் காட்டுவோம். உண்டியலில் வேறு பணம் போட்டுவிட்டு, துட்டை வீட்டுக்கே கொண்டுவந்துவிடுவோம். தலைமுறையாகப் பூசின மஞ்சள் அதன்மேல் ஓடுபோல ஏறியிருந்தது. நடுவில் இலைபோல ஒரு மேடு மட்டும் விரலுக்குத் தட்டுப்படும். அதுதான் வேல் என்று கண்ணில் ஒற்றிக்கொள்வோம்.

என் மகளுக்கு இருதயத்தில் ஆபரேஷன் செய்ய வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். கிளம்புவதற்கு முதல் நாள் அவள், “துட்ட முடிஞ்சு குடு நைனா, தலைமாட்டுல வெச்சுக்கறேன். அது இல்லாம நான் வண்டி ஏற மாட்டேன்” என்றாள்.

ஆஸ்பத்திரிக்குப் போகிற பொருள் சுத்தமாக இருக்கட்டும் என்று என் மனைவி அதைப் புளி போட்டுத் தேய்த்தாள். மஞ்சள் கரையக் கரைய அவள் கை அப்படியே நின்றுவிட்டது.

வேல் இல்லை. இங்கிலீஷ் எழுத்துகள் ஒன்றோடொன்று பின்னிக் கிடந்தன.

“இன்னாங்க இது? இத்தினி நாளா எதக் கும்புட்டுகினு இருந்தோம்?” என்றாள்.

மகள் எட்டிப் பார்த்தாள். போய்ப் படுத்துக்கொண்டாள். எடுத்துவைத்த பை வாசலில் இருந்தது.

ஆந்திரப் பக்கம் நகரியிலிருந்து வந்திருந்த என் மச்சினன் அவளைச் சிரிக்கவைக்கப் பார்த்தான். “துட்டுன்றதே எங்க தெலுங்கு வார்த்த பாவா. காசும் எங்களுதா இருக்கும், குடுத்துடுங்க” என்றான். அவள் சிரிக்கவில்லை.

நானும் அவனும் காசை எடுத்துக்கொண்டு, கடைத்தெருவில் பழைய செம்பு பித்தளை வாங்குகிற பாயிடம் போனோம். அவர் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“ஒல்லாந்துக்காரங்க முத்திரைங்க இது. பழவேற்காட்டுல கோட்ட கட்டிகினு வியாபாரம் பண்ணாங்களே, அவங்க காசு. அவங்க பாஷையில இதும் பேரு டொய்ட். அதான் நம்ம வாயில துட்டு ஆச்சும்பாங்க.”

“அப்போ தெலுங்கு இல்லியா?” என்றான் மச்சினன்.

“தெலுங்குல பணத்துக்கு டப்புன்றீங்களே, அதும் ஒரு செப்புக் காசுதாங்க. பன்னி முகப் பெருமாள் உருவம் அச்சடிச்ச தங்கக் காசுக்கு வராகன்னு பேரு. காசெல்லாம் எங்கிட்ட எடைக்கு வந்துடுச்சு. பேரு மட்டும் வரல.”

பூக்கடையில், பஸ்ஸில், சண்டையில் என்று தினமும் வாயில் புழங்குகிற சொல். அது கப்பலேறிக் கடல் தாண்டி வந்திருக்கிறது. காசின் முகத்தை நாங்கள் மஞ்சளால் மறைத்துவிட்டோம். அதன் பெயரை மட்டும் ஒருவர்கூட மறக்கவில்லை. நாங்கள் துட்டு என்று கூப்பிட்டது நிஜமாகவே துட்டுதான்.

வீட்டுக்கு வந்து மகளிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

“வேல் இல்லியா நைனா?”

“இல்லம்மா.”

“ஆனா இதுல முடிஞ்சதெல்லாம் பலிச்சுது இல்ல?”

“ஆங், பலிச்சுது.”

காசை எடுத்து என் கையில் வைத்தாள். “அப்போ முருகரு இதுல முத்திரை யாருதுன்னு பாக்கல. முடிஞ்சு குடு” என்றாள். என் மனைவி அழுதுகொண்டே முடிந்தாள். மறுநாள் மகள் வண்டி ஏறினாள்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. உடம்பு தேறியதும் அவளே மலைப் படியேறி வந்து, முத்திரை தெரியத் தெரிய அந்தக் காசை நீட்டினாள். குருக்கள் அதை முருகன் காலடியில் வைத்து, விபூதியோடு திருப்பிக் கொடுத்தார். இப்போது அதன்மேல் மறுபடி மஞ்சள் ஏறிக்கொண்டிருக்கிறது.

இதைப் படிக்கிறவர்கள் நாலு பேரிடம் சொல்லுங்கள். ஆனால் நடந்தபடியே சொல்லுங்கள். காசில் வேல் தெரிந்தது என்று யாரும் சேர்த்துவிட வேண்டாம். தெரியவில்லை. தெரியாமலேதான் என் பிள்ளையை அவன் காப்பாற்றினான்.