இனிப்பு வாங்காதவர்

ஜெர்மனியில், ஹம் நகர ரயில் நிலையத்துக்கு அருகே எனக்கு முடி வெட்டுபவர் தமிழர் அல்ல. எங்களோடு பழகி, "இருங்கோ அண்ணை" என்று மட்டும் தமிழில் சொல்வார். கழுத்தில் துணியைக் கட்டியதும் உள்ளே ஒரு விரலை விட்டு, இறுக்கமா என்று பார்ப்பார்.

அவருடைய நாட்டுச் சர்வாதிகாரியைத் தூக்கிலிட்ட அன்று, அவர் ஊர்க்காரர்கள் கடைக்குள் வந்து இனிப்புக் கொடுத்தார்கள். அவர் வாங்கவில்லை. நான் ஒன்றை வாயில் போட்டுக்கொண்டு ஜெர்மன் மொழியில் கேட்டேன்:

"உங்கட தம்பியைப் பிடிச்சுக்கொண்டு போனவன்தானே? சந்தோஷமில்லையோ?"

"தம்பியை எங்கை புதைச்சவையெண்டு இனி ஆரைக் கேக்கிறது?"

துணியைக் கட்டினார். அன்று விரலை விட்டுப் பார்க்கவில்லை. துணி இறுக்குகிறதென்று நான் சொல்லவில்லை.