காட்டூரில் நிற்காத பஸ்

இன்று காலை காட்டூர் பஸ் ஸ்டாப்பில், கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டைக்காரர் ஒருவர் நோட்டீஸை நீட்டினார்.

"அம்மா, இது அடிமட்ட மக்களோட இயக்கம். ஒரு மிஸ்டு கால் கொடுங்க, நீங்களும் உறுப்பினர்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

எண்பதுகளில் அதே இடத்தில் எந்த பஸ்ஸும் நிற்காது. மனு கொடுத்துச் சலித்துப்போய், தெருவே முறை வைத்துக்கொண்டது. தினமும் ஒரு வீட்டிலிருந்து ஒருவர் நடுரோட்டில் நின்று பஸ்ஸை மறிக்க வேண்டும். எங்கள் முறை வந்தபோது நான் ஏழு மாதக் கர்ப்பிணி.

கண்டக்டர் இறங்கி வந்து கத்தினார். "யாருங்க உங்க தலைவர்?"

"இன்னைக்கு நான். நாளைக்குப் பக்கத்து வீட்டு ஸ்டெல்லா டீச்சர்" என்றேன்.

கடைசியில் ஸ்டாப் கிடைத்தது. அன்றைக்குத்தான் ஒரு கட்சிக்காரர் முதன்முதலாக எங்கள் தெருவுக்குள் வந்தார், மாலை போட்டுக்கொள்ள.

வெள்ளைச் சட்டையிடம் கேட்டேன். "மக்கள் இயக்கம்னு சொல்றீங்களே, இந்தத் தெருவுல என்ன குறைன்னு தெரியுமா?"

கொஞ்சமும் கூசாமல் சொன்னார். "மேலிடத்துலேர்ந்து இன்னும் லிஸ்ட் வரலைங்கம்மா."

எங்கள் தெருவின் குறை மேலிடத்திலிருந்து வர வேண்டுமாம்! உங்கள் தெருவுக்காவது வந்து சேர்ந்துவிட்டதா?